காவல் நிலைய கேமரா: பதிவு யார் கையில், எத்தனை நாளுக்கு?

கொச்சி: எர்ணாகுளம் நகர வடக்கு காவல் நிலையத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த ஒரு சம்பவம், 2025 டிசம்பரில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கணவரைத் தேடி நிலையத்துக்கு வந்த கர்ப்பிணிப் பெண் ஒருவரை அப்போதைய ஆய்வாளர் கன்னத்தில் அறைவது நிலையத்தின் கண்காணிப்பு கேமராவிலேயே பதிவாகியிருந்தது. அந்தப் பதிவைப் பெறுவதற்கு அத்தம்பதியர் கேரள உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் காட்சி வெளியானது. அதன் பின்னரே அந்த அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

சம்பவத்துக்கும் காட்சி வெளிவந்ததற்கும் இடையே சுமார் 18 மாதங்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையப் பதிவுகளை எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் வரையறுத்த காலமும் அதே 18 மாதங்கள்தான்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2025 செப்டம்பர் தொடக்கத்தில், திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் காவல் நிலையத்தின் பதிவு ஒன்று கேரளத்தை உலுக்கியது. 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி இளைஞர் காங்கிரஸ் உள்ளூர் நிர்வாகி ஒருவரைக் காவலர்கள் சூழ்ந்து தாக்கிய காட்சி அது. குடிபோதையில் இருந்தார், பணியைத் தடுத்தார் என்று அவர்மீதுதான் முதலில் வழக்கு பதிவானது. மருத்துவப் பரிசோதனையில் மது அருந்தியதற்கான சான்று இல்லை. தாக்குதலில் அவருடைய செவித்திறன் பாதிக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, இறுதியில் மாநில தகவல் ஆணையத்தின் உத்தரவால் காட்சியைப் பெற்றபோது இரண்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் கடந்திருந்தன. அதுவரை ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது போன்ற துறைரீதியான நடவடிக்கைகளோடு விவகாரம் நின்றிருந்தது. காட்சி மக்கள் பார்வைக்கு வந்த சில நாட்களில் நான்கு காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

இரு நிகழ்வுகளிலும் கேமரா இருந்தது, இயங்கியது, பதிவும் செய்தது. ஆனால் பதிவு இருந்தது யாரைக் குறித்துப் புகார் எழுந்ததோ அந்தத் துறையின் கையில். கேமரா பொருத்துவது குறித்தே நாடு முழுவதும் பேசப்படுகிறது. பதிவின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது குறித்து மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

2020 தீர்ப்பு சொல்வது என்ன?

காவல் நிலையங்களில் கேமரா என்ற எண்ணம் ஒரே நாளில் தோன்றியதல்ல. கைது நடவடிக்கைகளுக்கு நெறிமுறை வகுத்த டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2015-இல், சிறைகள் அனைத்திலும் கேமரா பொருத்த வேண்டும், காவல் நிலையங்களிலும் பொருத்துவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. பரிசீலனை என்ற சொல் ஐந்து ஆண்டுகளை விழுங்கியது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி எதிர் பல்ஜித் சிங் வழக்கில், நீதிபதிகள் ரோஹிந்தன் நாரிமன், கே.எம். ஜோசப், அனிருத்தா போஸ் ஆகியோர் அடங்கிய அமர்வு அதைக் கட்டாயமாக்கியது.

அத்தீர்ப்பு வழக்கத்துக்கு மாறாக மிக நுணுக்கமானது. நுழைவாயில், வெளியேறும் வழி, லாக்கப் அறைகள், நடைக்கூடங்கள், வரவேற்பிடம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, பணி அலுவலர் அறை, கழிப்பறைக்கு வெளிப்புறம், நிலையத்தின் பின்புறம் என எங்கெங்கே கேமரா இருக்க வேண்டும் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நிலையத்தின் எந்தப் பகுதியும் விடுபடக் கூடாது என்பதே நோக்கம். இருளிலும் பார்க்கும் வசதி வேண்டும். காட்சியோடு ஒலியும் பதிவாக வேண்டும். மின்சாரம் இல்லாத இடங்களில் சூரிய ஒளி, காற்றாலை வழியாகவாவது மின்சாரம் தர வேண்டும். மத்திய புலனாய்வுத் துறை, தேசிய புலனாய்வு முகமை, அமலாக்கத் துறை முதலான மத்திய அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் இதே கட்டளை பொருந்தும்.

கேமரா இயங்குவதற்கும் பதிவு பாதுகாக்கப்படுவதற்கும் பொறுப்பு யாருக்கு? நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு. கருவி பழுதானால் அவர் உடனே மாவட்ட அளவிலான கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பழுதாக இருந்த நாட்களில் யார் யார் கைது செய்யப்பட்டனர், விசாரிக்கப்பட்டனர் என்ற விவரத்தையும் அவரே அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை கூர்மையானது. கேமரா வேலை செய்யவில்லை என்று ஒரு நிலையம் சொன்னால், அன்று லாக்கப்பில் இருந்தவர்களின் பட்டியல் எங்கே என்று அடுத்த கேள்வியைக் கேட்க அது வழி செய்கிறது. வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியை இன்னும் போதிய அளவில் பயன்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

பாதுகாப்புக் காலத்தைப் பொறுத்தவரை தீர்ப்பில் மூன்று எண்கள் வருகின்றன. இலக்கு 18 மாதங்கள். அத்தகைய சேமிப்புக் கருவி சந்தையில் கிடைக்காவிட்டால், கிடைப்பவற்றுள் அதிகக் கொள்ளளவு உடையதை வாங்க வேண்டும். அதுவும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. மூன்றாவது எண் நிலைய வாசலில் வைக்கப்பட வேண்டிய அறிவிப்புப் பலகை பற்றியது. இவ்வளாகம் கேமரா கண்காணிப்பில் உள்ளது என்பதையும், உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையம், மனித உரிமை நீதிமன்றம், காவல் கண்காணிப்பாளர் ஆகியோரிடம் முறையிடலாம் என்பதையும் அப்பலகை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகியவற்றில் சொல்ல வேண்டும். பதிவு ஆறு மாதங்களுக்குக் குறையாத ஒரு காலத்துக்குப் பாதுகாக்கப்படும் என்பதும், பாதிக்கப்பட்டவர் அதைப் பத்திரப்படுத்தக் கோரலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கருவிக்கு ஓராண்டு, பலகைக்கு ஆறு மாதம் என்ற இந்த வேறுபாட்டால், பதிவை முன்கூட்டியே அழித்த நிலையம் ஒன்று ஆறு மாதக் கணக்கைக் காட்டித் தப்பிக்க முயல இடம் ஏற்படுகிறது.

சாத்தான்குளம்: இடமிருந்தும் அழிந்த பதிவு

பதிவைக் காப்பவரே பதிவில் இருப்பவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2020 ஜூன் 19-ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களுக்குள் இருவரும் உயிரிழந்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நிலையத்தில் ஆய்வு நடத்தியபோது, சேமிப்புக் கருவியில் ஒரு டெராபைட் அளவுக்குப் போதிய இடம் இருந்தும், பதிவுகள் தினந்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். ஜூன் 19 இரவின் காட்சி எதுவும் இல்லை.

நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு மறுக்கப்பட்டதாக அறிக்கை வந்ததும், தடயங்களைக் காக்க வருவாய்த் துறை அலுவலர்களை நிலையத்தில் நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியருக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காவல் நிலையத்தின் கட்டுப்பாடு வேறொரு துறையிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதே அந்த வழக்கின் மிக முக்கியமான சட்டப் படிப்பினை. கேமரா சொல்லாததை, அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சொன்னார். ஒவ்வொரு நிலையத்திலும் அத்தகைய ஒருவர் இருப்பார் என்று சட்டம் நம்பியிருக்க முடியாது.

சாட்சிகளை மட்டுமே நம்பிய வழக்கு எவ்வாறு முடியக்கூடும் என்பதற்குக் கேரளத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005 செப்டம்பரில் திருவனந்தபுரம் கோட்டை காவல் நிலையத்தில் உதயகுமார் என்ற இளைஞர் சித்திரவதைக்குப் பின் உயிரிழந்தார். சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2018-இல் சிறப்பு நீதிமன்றம் இரு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம், விசாரணையில் இருந்த குறைகளைச் சுட்டி, குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இருபது ஆண்டுகள் காத்திருந்த தாய்க்கு வழக்கு தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. அன்று அந்த நிலையத்தில் ஒரு கேமரா இருந்து, அதன் பதிவு வேறொருவர் கையில் பத்திரமாக இருந்திருந்தால் வழக்கு வேறு திசையில் சென்றிருக்கலாம்.

195 நாட்களின் கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். மேற்குக் கொச்சியின் தென்கோடியில் உள்ள இடக்கொச்சியில் வசிக்கும் ஒருவர் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்த நிலையம், எந்தக் காவல் மாவட்டம் என்பதே. இடக்கொச்சி கொச்சி மாநகரக் காவல் துறையின் எல்லைக்குள் வருகிறது; காயல் மீதுள்ள பாலத்தைக் கடந்தால் அரூர், அது ஆலப்புழை மாவட்டம். இழுத்துச் செல்லப்பட்டது அக்கரைக்கு என்றால் விண்ணப்பமும் அக்கரைக்கே போக வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் அச்சப்பட வேண்டியதில்லை. ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பும் கடமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவில் அவர்களுக்கே உள்ளது.

அச்சட்டப்படி பதில் தர 30 நாட்கள். உயிர், தனிமனித சுதந்திரம் சார்ந்த தகவலாயின் 48 மணி நேரம். மறுத்தால் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். அதன்மீது முடிவெடுக்க 30 முதல் 45 நாட்கள் வரை. மாநில தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு செய்ய 90 நாட்கள். அனைத்தையும் கூட்டினால் 195 நாட்கள். ஆறு மாதத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பின் ஆணையம் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று சட்டத்தில் காலக்கெடு இல்லை. அறிவிப்புப் பலகையில் சொல்லப்படும் குறைந்தபட்ச காலத்தோடு ஒப்பிட்டால், விண்ணப்பதாரர் சட்டம் அனுமதித்த எல்லா நாட்களையும் எடுத்துக்கொண்டு ஆணையத்தின் படியேறும் முன்பே பதிவு அழிந்துவிடக்கூடும்.

ஆகவே முதல் கடிதத்தில் கேட்க வேண்டியது நகல் மட்டுமல்ல. இந்தத் தேதியில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்னின்ன கேமராக்களின் பதிவை அழிக்காமல் தனியே எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இருக்க வேண்டும். 2020 தீர்ப்பைக் குறிப்பிட்டு, நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் மாவட்டக் காவல் தலைமைக்கும் பதிவு அஞ்சலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொண்டால், அதற்குப் பின் பதிவு காணாமற்போவது தற்செயல் என்ற நிலையிலிருந்து சாட்சியத்தை மறைத்தல் என்ற நிலைக்கு நகர்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவு அதைக் குற்றமாகக் கருதுகிறது.

அதைவிட முந்தைய வாய்ப்பு ஒன்றும் உண்டு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவின் கட்டளை. அடித்தார்கள் என்பதையும், கேமரா பதிவைப் பாதுகாக்க உத்தரவிட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். மருத்துவப் பரிசோதனையின்போது காயங்களை மருத்துவரிடம் சொல்வதும் அவ்வாறே. பெரும்பாலோர் அந்த நிமிடத்தில் அச்சத்தால் வாய் திறப்பதில்லை. அழைத்து வந்த காவலர் அருகிலேயே நிற்கிறார் என்பதே காரணம். நீதித்துறை நடுவர்கள் தாங்களாகவே கேட்டால் இந்தச் சிக்கலின் பாதி தீரும்.

விண்ணப்பம் மறுக்கப்படுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. விசாரணை பாதிக்கப்படும் என்பது ஒன்று. பிறரின் அந்தரங்கம் என்பது மற்றொன்று. இரண்டாவதை முற்றிலும் புறந்தள்ள முடியாது. பாலியல் புகார் கொடுக்க வந்த பெண்ணும், போக்சோ வழக்கில் வாக்குமூலம் தர வந்த குழந்தையும் அதே வரவேற்பறையில்தான் அமர்ந்திருப்பார்கள். ஆனால் முகங்களை மறைத்துத் தருவது இன்று கடினமான வேலையல்ல. மறைக்க வேண்டியதை நீக்கி மற்றதைத் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 10-ஆவது பிரிவே சொல்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பின், தனிநபர் தகவல் என்ற விலக்கின் எல்லை விரிந்துள்ளது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் எஞ்சியிருக்கிறது. கேமரா பதிவுகளைக் கேட்போர் இனி அந்தப் பிரிவையே பெரிதும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

காட்சி கையில் கிடைத்தாலே அது சாட்சியமாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பு எனப்படும் எண்ணெழுத்துத் தொடர் குறிக்கப்பட வேண்டும். கோப்பில் ஒரு நொடிக் காட்சி மாறினாலும் அந்தத் தொடர் மாறிவிடும். பதிவைப் பெறும்போதே சான்றிதழையும் சேர்த்துக் கேட்காதவர்கள் பின்னர் அதே நிலையத்தின் வாசலில் மீண்டும் நிற்க நேரிடும்.

கேமரா இல்லாத இடங்கள்

நிலையத்துக்குள் கேமரா வந்ததும் அடி வெளியே நகர்கிறது என்ற ஐயம் ஆதாரமற்றதல்ல. 2018 ஏப்ரலில் எர்ணாகுளம் மாவட்டம் வராப்புழையில் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் மூன்று நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். சீருடையற்ற சிறப்புப் படையினர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. 2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் திருட்டுப் புகார் விசாரணையில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் அடிக்கப்பட்டது காவல் நிலையத்தில் அல்ல, கோயிலின் பின்புறத்தில். அதை உலகுக்குக் காட்டியது அரசின் கேமரா அல்ல. மறைந்து நின்ற ஒருவரின் கைபேசி.

இந்த இடத்தில் கேரளம் மற்ற மாநிலங்களை விட ஒரு படி முன்னே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் கேரள காவல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, காவல் துறையின் செயல்பாட்டைப் பொதுமக்கள் சட்டப்படி காணொளியாகவோ ஒலியாகவோ பதிவு செய்வதை எந்தக் காவலரும் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. எர்ணாகுளம் வடக்கு நிலைய வழக்கின் மையமும் இதுவே. பொது இடத்தில் காவலர்கள் நடந்துகொண்ட விதத்தைக் கைபேசியில் படம்பிடித்ததற்காகவே தன்னைப் பிடித்துச் சென்றனர் என்பது அப்பெண்ணின் கணவரது புகார். சட்டம் அனுமதித்த பதிவைச் செய்ததற்காக ஒருவர் நிலையத்துக்குள் கொண்டு செல்லப்பட்டார். அங்கே நடந்ததை நிலையத்தின் கேமரா பதிவு செய்தது. அதைப் பெற உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

காவல் துறையின் பக்கத்திலும் நியாயங்கள் உண்டு. பொய்ப் புகார்களிலிருந்து காவலரைக் காப்பதும் இதே பதிவுதான். பழுதான கருவியைச் சீர்செய்ய நிதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலைய அதிகாரியின் நிலை பொறாமைப்படத்தக்கதல்ல. பதிவைக் காக்கும் பொறுப்பையும் அவரிடமிருந்து எடுத்துவிடுவது, அந்த வகையில் அவருக்கும் நிம்மதி.

இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டத்தின் கீழ் விசாரணைகளை ஒலிநாடாவில் பதிவு செய்யும் முறை வந்தபோது, இந்தச் சிக்கலுக்கு எளிய விடை ஒன்றைக் கண்டார்கள். மூலப் பிரதி சந்தேக நபரின் கண்முன்னே முத்திரையிடப்படும். காவல் துறை பயன்படுத்துவது வேறொரு பிரதி. மூலத்தைத் திறக்க வேண்டுமானால் அதற்குத் தனி நடைமுறை.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் உள்ளது. ராஜஸ்தானில் 2025-ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் 11 பேர் காவலில் இறந்தனர் என்ற நாளிதழ்ச் செய்தியின் அடிப்படையில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 2025 செப்டம்பரில் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனிதத் தலையீடு இல்லாத கட்டுப்பாட்டு அறை ஒன்றில் எல்லா நிலையங்களின் காட்சிகளையும் கண்காணிக்கலாம், ஏதேனும் கேமரா அணைந்தால் உடனே எச்சரிக்கை எழ வேண்டும் என்ற யோசனை அவ்வமர்வில் முன்வைக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையும் காவல் துறையின் கட்டடத்திலேயே அமையுமா, அல்லது மாவட்ட நீதிபதியின் பொறுப்பில் ஒரு நகல் இருக்குமா என்பதைப் பொறுத்தே குன்னங்குளத்தில் இரண்டரை ஆண்டு பிடித்த வேலை அடுத்த முறை இரண்டரை நாளில் முடியுமா என்பது இருக்கிறது.